சொந்தக் கணினியில் சோதனை சர்வர்: நிறுவும்போதே பூட்டிவிடும் முறை

வலைப்பக்கம் எழுதக் கற்கத் தொடங்குபவர்கள், முதல் சில நாள்களுக்கு எச்டிஎம்எல் கோப்பை இருமுறை சொடுக்கி உலாவியில் திறந்து பார்ப்பது வழக்கம். எளிய பக்கங்களுக்கு அது போதும். ஆனால் அப்படித் திறக்கும்போது உலாவி அதை வட்டில் கிடக்கும் ஒரு கோப்பாகவே கருதுகிறது. இணையத்திலிருந்து வந்த பக்கமாகக் கருதுவதில்லை. முகவரிப் பட்டையில் எச்டிடிபி என்பதற்குப் பதிலாக ஃபைல் என்று இருப்பது அதற்கு அடையாளம். இதனால் சர்வரில் இயங்க வேண்டிய பிஎச்பி நிரல் இயங்காது, ஜாவாஸ்கிரிப்ட் மாடியூல்கள் ஏறாது, பக்கத்திலேயே கிடக்கும் ஜேசன் தரவுக் கோப்பைக்கூட ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் வழியாகப் படிக்க முடியாது. சாய்கோட்டில் தொடங்கும் இணைப்புகள் தளத்தின் முகப்புக்குப் போகாமல் வட்டின் வேருக்குப் போய் நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் சொந்தக் கணினியிலேயே ஒரு வலை சர்வர், அதாவது உலாவி கேட்கும் பக்கத்தை எடுத்துத் தரும் நிரல், தேவைப்படுகிறது.

இக்கட்டுரை விண்டோஸ் கணினியில் எக்ஸாம்ப் தொகுப்பை நிறுவுவது பற்றியது. அப்பாச்சி சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி, பெர்ல் ஆகிய நான்கையும் ஒரே நிறுவியில் தரும் இத்தொகுப்பை அப்பாச்சி ஃபிரண்ட்ஸ் என்னும் குழு 2002 முதல் வெளியிட்டு வருகிறது. கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பாகத் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டும்.

எக்ஸாம்பை நிறுவுவது பத்து நிமிட வேலை. அதைச் சொல்லித்தரும் குறிப்புகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பக்கம் தெரிந்ததும் முடிந்துவிடுகின்றன. நான் அங்கே நிறுத்த விரும்பாததற்குக் காரணம் உண்டு. கற்கத் தொடங்கிய காலத்தில் நால்வர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம், வைஃபை ஒன்றுதான். ஒருநாள் அறைத்தோழர் தம் கைபேசியின் உலாவியில் என் கணினியின் எண்முகவரியை அடித்துக் காட்டினார். வெள்ளைத் திரையில் என் கோப்புறைகள் வரிசையாக நின்றன. நான்காவது வரியில், தெரிந்த ஒருவரின் கடைக்காக நான் செய்துகொண்டிருந்த தளத்தின் தரவுத்தள நகல், வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணுமாகக் கிடந்தது. எந்தத் திருட்டும் நடக்கவில்லை. ஆனால் அந்த வரியைத் தொட்டிருந்தால் கோப்பு அப்படியே இறங்கியிருக்கும். என் கணினிக்குள் மட்டும் இருப்பதாக நான் நம்பிய சர்வர், உண்மையில் அந்த வைஃபையில் இருந்த எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இது எக்ஸாம்பின் பிழையன்று. கற்பவருக்குத் தடை எதுவும் குறுக்கிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் இயன்றவரை திறந்தே வைத்திருப்பதாகவும், பொதுமக்கள் பார்க்கும் தளத்துக்கு இதை அப்படியே பயன்படுத்தக் கூடாது என்றும் அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். ஆகவே பூட்டுவது நம் பொறுப்பு. அதை முதல் தொடக்கத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

நிறுவுதல்

அப்பாச்சி ஃபிரண்ட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே நிறுவியைப் பதிவிறக்கவும். தேடலில் வரும் பிற பதிவிறக்கத் தளங்கள் வேண்டா. கூறுகளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி, தரவுத்தளத்தை உலாவியில் கையாள உதவும் பிஎச்பிமைஅட்மின் ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டு ஃபைல்ஜில்லா, மெர்குரி, டாம்கேட் ஆகியவற்றின் குறிகளை நீக்கிவிடவும். தேவையில்லாத ஒவ்வொரு கூறும் தேவையில்லாத ஒரு வாசல். மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் 2015 முதல் உள்ளே இருப்பது மரியாடிபிதான்; பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது.

நிறுவும் இடம் சி டிரைவில் எக்ஸாம்ப் என்னும் கோப்புறையாகவே இருக்கட்டும். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் வைத்தால் விண்டோஸின் எழுத்து அனுமதிக் கட்டுப்பாடுகள் குறுக்கிட்டு, காரணம் புரியாத பிழைகளைத் தரும். நிறுவி முடிந்ததும் கட்டுப்பாட்டுப் பலகம் திறக்கும். ஸ்டார்ட் பொத்தானை இன்னும் அழுத்த வேண்டா.

தொடங்கும் முன் மாற்ற வேண்டிய மூன்று வரிகள்

ஒரு சர்வர் எந்த முகவரியில் காது வைத்துக் கேட்கிறது என்பதே அதை யார் அணுக முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. உங்கள் கணினிக்கு ஒரே நேரத்தில் பல முகவரிகள் உண்டு. வைஃபை ரௌட்டர் தரும் 192.168 எனத் தொடங்கும் முகவரியை அதே வலையமைப்பிலுள்ள பிற கருவிகள் அணுகலாம். 127.0.0.1 என்பது கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி; அதற்கு அனுப்பப்படும் எதுவும் வலையமைப்பு அட்டையைத் தாண்டி வெளியே போவதில்லை, வெளியிலிருந்து உள்ளே வருவதுமில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்பது இந்த முகவரிக்கு இட்ட பெயர். முகவரி எதுவும் குறிப்பிடாமல் விட்டால் அப்பாச்சி எல்லா முகவரிகளிலும் கேட்கும். என் அறைத்தோழரின் கைபேசி உள்ளே வந்தது அந்த வழியாகத்தான்.

கட்டுப்பாட்டுப் பலகத்தில் அப்பாச்சி வரிசையிலுள்ள கான்ஃபிக் பொத்தானை அழுத்தி எச்டிடிபிடி.கான்ஃப் கோப்பைத் திறக்கவும். லிசன் என்று தேடினால், எண்குறியில் (#) தொடங்கும் விளக்க வரிகளுக்குக் கீழே லிசன் 80 என்று ஒரு வரி தனியே நிற்கும். 80 என்பது போர்ட், அதாவது சர்வர் கேட்கும் வாசலின் எண். அந்த வரியை லிசன் 127.0.0.1:80 என்று மாற்றவும். அதே கான்ஃபிக் பட்டியலில் எச்டிடிபிடி-எஸ்எஸ்எல்.கான்ஃப் கோப்பும் உண்டு. அங்கே லிசன் 443 என்பதை லிசன் 127.0.0.1:443 ஆக்கவும். முதல் வரியை மாற்றிவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள் மிகுதி. அப்படி மறந்தால் எச்டிடிபிஎஸ் வாசல் திறந்தே இருக்கும்.

மூன்றாவது வரி தரவுத்தளத்துக்கு உரியது. மைஎஸ்க்யூஎல் வரிசையின் கான்ஃபிக் பொத்தான் வழியாக மை.ஐஎன்ஐ கோப்பைத் திறந்தால் பைண்ட்-அட்ரஸ் என்னும் வரி 127.0.0.1 என்ற மதிப்புடனே அங்கே இருக்கும். ஆனால் முன்னால் ஓர் எண்குறி இருப்பதால் அது செயல்படாது. அந்தக் குறியை நீக்கினால் போதும்.

இனி இரண்டையும் தொடங்கலாம். ஃபயர்வால் அனுமதி கேட்டு விண்டோஸ் ஒரு பெட்டி காட்டினால் ரத்து செய்துவிடவும். கணினி தன்னோடு தானே பேசுவதற்கு அந்த அனுமதி தேவையில்லை. பலரும் அது என்னவென்று பாராமலே அனுமதித்துவிடுகிறார்கள். லிசன் வரியை மாற்றாமல் பொது வலையமைப்புக்கும் சேர்த்து அனுமதித்துவிட்டால், தேநீர்க் கடையின் வைஃபையிலும் உங்கள் சர்வர் பதில் சொல்லத் தயாராக இருக்கும்.

அப்பாச்சி தொடங்காமல், 80ஆம் போர்ட்டை 4 என்ற செயல்முறை எண் கொண்ட ஒன்று பயன்படுத்துவதாகச் சிவப்பு எழுத்தில் வந்தால், அந்த எண் விண்டோஸின் சிஸ்டம் செயல்முறையைக் குறிக்கும். பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வர் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதே காரணம். சர்வீசஸ் சாளரத்தில் வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ் என்பதை நிறுத்தலாம். அலுவலகக் கணினியாக இருந்து அதைத் தொடக் கூடாது என்றால் லிசன் வரியில் 80க்குப் பதிலாக 8080 என்றும், சர்வர்நேம் வரியிலும் அதே எண்ணையும் எழுதி, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று திறக்கலாம்.

கண்ணால் பார்த்து உறுதி செய்தல்

மாற்றினோம் என்ற நம்பிக்கை போதாது, சோதிக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகத்தின் வலப்பக்கம் நெட்ஸ்டாட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எந்த நிரல் எந்த முகவரியில் எந்தப் போர்ட்டில் கேட்கிறது என்ற பட்டியல் வரும். 80, 443, தரவுத்தளம் கேட்கும் 3306 ஆகிய மூன்றுக்கும் நேரே 127.0.0.1 என்று இருக்க வேண்டும். 0.0.0.0 என்று எங்கேனும் இருந்தால், அது எல்லா முகவரிகளையும் குறிக்கும். அந்த வரியைச் சேமிக்கவில்லை, அல்லது சேமித்த பிறகு சர்வரை நிறுத்தித் தொடங்கவில்லை.

அடுத்து கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து, ஐபிவி4 முகவரியைக் குறித்துக்கொண்டு, அதே வைஃபையில் உள்ள கைபேசியின் உலாவியில் அந்த எண்ணைத் தட்டவும். பக்கம் திறக்காமல் பிழைச்செய்தி வந்தால் பூட்டு வேலை செய்கிறது. இந்தச் சோதனையை எக்காரணத்தாலும் தவிர்க்க வேண்டா. நெட்ஸ்டாட் பட்டியலைத் தவறாகப் படிக்கலாம். கைபேசித் திரையைத் தவறாகப் படிக்க வழியில்லை.

தரவுத்தளக் கடவுச்சொல்

வெளியிலிருந்து யாரும் வர முடியாதபோது கடவுச்சொல் எதற்கு என்று கேட்பது நியாயம். விடை உங்கள் உலாவியில் இருக்கிறது. அது உங்கள் கணினிக்குள்ளேயே இயங்குவதால் 127.0.0.1 அதற்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் வேறொரு தாவலில் திறந்திருக்கும் தீய தளமொன்று, உங்கள் உலாவியையே தூதாக்கி, லோக்கல்ஹோஸ்டுக்குக் கோரிக்கை அனுப்ப முயலலாம். கணினியில் நீங்கள் நிறுவும் எந்த நிரலும் அவ்வாறே முயலலாம். தரவுத்தளத்தில் எல்லா உரிமையும் கொண்ட ரூட் பயனருக்கோ எக்ஸாம்பில் தொடக்கத்தில் கடவுச்சொல்லே கிடையாது.

லோக்கல்ஹோஸ்ட் முகப்பிலிருந்து பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, பயனர் கணக்குகள் பகுதிக்குச் செல்லவும். ரூட் என்ற பெயர் ஒருமுறை மட்டுமன்றி லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1, இரட்டைப்புள்ளிகளோடு வரும் ஐபிவி6 முகவரி என்று மூன்று வரிகளில் இருக்கலாம். இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரே வலுவான கடவுச்சொல்லை இடவும்.

இட்டதும் அடுத்த சொடுக்கில் பிஎச்பிமைஅட்மின் அணுகல் மறுக்கப்பட்டது என்று சொல்லித் திறக்க மறுக்கும். புதியவர்கள் அஞ்சிப்போய் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவது இந்த இடத்தில்தான். எதுவும் கெட்டுப்போகவில்லை. பழைய வெற்றுக் கடவுச்சொல்லோடு நுழையுமாறு அதன் கான்ஃபிக்.இன்க்.பிஎச்பி கோப்பில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். எக்ஸாம்ப் கோப்புறைக்குள் பிஎச்பிமைஅட்மின் கோப்புறையில் அக்கோப்பைத் திறந்து, ஆத்_டைப் வரியில் உள்ள கான்ஃபிக் என்ற சொல்லைக் குக்கி என்று மாற்றவும். சிலர் புதிய கடவுச்சொல்லையே அக்கோப்பில் எழுதிவைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பக்கத்தைத் திறக்கும் எவரும் கேள்வியின்றி உள்ளே போகலாம், பூட்டில் சாவியைத் தொங்கவிட்டதுபோல. குக்கி என்று மாற்றினால் நுழைவுத் திரை வந்து ஒவ்வொருமுறையும் கேட்கும். அதே கோப்பில் ப்ளோஃபிஷ்_சீக்ரெட் என்ற வரியில் எக்ஸாம்ப் என்றே சிறு சொல் இருக்கும். அதற்குப் பதிலாக மனம்போன போக்கில் 32 எழுத்துகளை அடித்துவிடவும். அல்லோநோபாஸ்வேர்ட் என்பதை ஃபால்ஸ் ஆக்கவும்.

உங்கள் நிரலுக்குள் ரூட் பயனரை ஒருபோதும் எழுத வேண்டா. திட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளமும், அதில் மட்டும் உரிமையுள்ள தனிப் பயனரும் உருவாக்குங்கள். தளத்தை உண்மையான சர்வருக்கு ஏற்றும்போதும் அப்படித்தான் தேவைப்படும். தரவுத்தளம் உருவாக்கும்போது எழுத்துத் தொகுதியில் யூடிஎஃப்8எம்பி4 எனத் தொடங்கும் ஒன்றைத் தேர்வதும் தமிழில் எழுதுபவருக்கு இன்றியமையாதது. லத்தீன்1 என்று இருந்தால் நீங்கள் சேமித்த தமிழ் வரிகள் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும். அப்படிச் சேமித்தவற்றை மீட்க வழியில்லை.

கோப்புறைப் பட்டியலும் பிஎச்பி-சிஜிஐயும்

தளத்தின் கோப்புகளை வைக்கும் எச்டிடாக்ஸ் கோப்புறைக்குள் இன்டெக்ஸ் கோப்பு இல்லாத எந்த உட்கோப்புறையைத் திறந்தாலும் அதிலுள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலை அப்பாச்சி காட்டும். எச்டிடிபிடி.கான்ஃப் கோப்பில் எச்டிடாக்ஸுக்கான டைரக்டரி பகுதியில் ஆப்ஷன்ஸ் எனத் தொடங்கும் வரியில் இன்டெக்ஸஸ் என்ற சொல்லை மட்டும் நீக்கினால் அது நின்றுவிடும். அதே பகுதியில் ரிக்கொயர் ஆல் கிரான்டட் என்று இருப்பதை ரிக்கொயர் லோக்கல் என்று மாற்றிவிடுங்கள். பின்னொருநாள் லிசன் வரி ஏதோ காரணத்தால் பழைய நிலைக்குத் திரும்பினாலும் இந்த இரண்டாவது பூட்டு தாங்கும்.

2024 ஜூனில் விண்டோஸில் இயங்கும் பிஎச்பியில் ஒரு கடுமையான ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-4577 என்பது அதன் எண். தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் கண்டறிந்த இந்த ஓட்டையில், முகவரியில் அனுப்பப்படும் ஒரு சிறப்பு எழுத்தை விண்டோஸ் சில மொழி அமைப்புகளில் தானாகவே சிறுகோடாக மாற்றிவிடுவதால், வெளியாள் அனுப்பும் கட்டளை பிஎச்பிக்கான கட்டளையாகவே இயங்கிவிடும். எக்ஸாம்பின் இயல்பான அமைப்பு அதற்கு இடங்கொடுத்தது. பிஎச்பி 8.1.29, 8.2.20, 8.3.8 ஆகிய பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது, எக்ஸாம்ப் 8.2.12 போன்ற முந்தைய பதிப்புகள் இன்னும் பலரின் கணினிகளில் இருக்கின்றன. எச்டிடிபிடி-எக்ஸாம்ப்.கான்ஃப் கோப்பில் ஸ்கிரிப்ட்அலையஸ் எனத் தொடங்கி, பிஎச்பியைத் தனி நிரலாக இயக்கும் பிஎச்பி-சிஜிஐ என்ற பாதையைக் காட்டும் வரியின் முன்னால் ஓர் எண்குறி இட்டால் அந்த வழி அடைபடும். எக்ஸாம்பில் பிஎச்பி அப்பாச்சியின் மாடியூலாக இயங்குவதால் உங்கள் பக்கங்களுக்கு இதனால் எந்த இடையூறும் இல்லை.

கான்ஃப் கோப்புகளில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் அப்பாச்சி தொடங்காது. பலகத்தின் ஷெல் பொத்தானை அழுத்தி, அப்பாச்சி கோப்புறைக்குள் பின் (bin) என்னும் பெயருள்ள கோப்புறையிலுள்ள எச்டிடிபிடி நிரலை -டி (-t) என்ற குறியோடு இயக்கினால், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் பிழை என்று அதுவே சொல்லும். எந்த மாற்றத்துக்கும் முன்னால் கோப்பின் ஒரு படியை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

திட்டத்துக்கென்று ஒரு பெயர்

லோக்கல்ஹோஸ்டுக்குக் கீழே உட்கோப்புறைகளாக வைத்தே வேலை செய்யலாம்; ஆனால் சாய்கோட்டில் தொடங்கும் இணைப்புகள் மறுபடியும் தவறான இடத்துக்குப் போகும். நூலகம்.டெஸ்ட் என்பதுபோல் தனிப்பெயர் தருவது நல்லது. அப்பெயரை ஆங்கில எழுத்தில் அமைக்க வேண்டும். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று போனால், பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு கிடைக்கும். நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து, அக்கோப்பின் கடைசியில் 127.0.0.1 என்று எழுதி, இடம்விட்டுப் பெயரை எழுதவும். கோப்புக்கு டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டு சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

பிறகு எச்டிடிபிடி-விஹோஸ்ட்ஸ்.கான்ஃப் கோப்பில், எந்தப் பெயருக்கு எந்தக் கோப்புறை என்று சொல்லும் விர்ச்சுவல்ஹோஸ்ட் பகுதிகள் இரண்டு எழுத வேண்டும். முதலாவது லோக்கல்ஹோஸ்டுக்கு, இரண்டாவது புதிய பெயருக்கு. இரண்டாவதை மட்டும் எழுதினால் அதுவே எல்லாக் கோரிக்கைகளுக்கும் விடையளித்து, லோக்கல்ஹோஸ்டின் முகப்பைத் தேடிப்போகும்போதுகூட உங்கள் திட்டத்தின் பக்கமே வந்து நிற்பதுபோன்ற குழப்பம் வரும்.

பெயரின் முடிவு டெஸ்ட் என்றே இருக்கட்டும். இணைய நெறிகளைப் பதிவு செய்யும் ஆவண வரிசையில் 1999இல் வெளியான ஆர்எஃப்சி 2606 சோதனைகளுக்கென்றே ஒதுக்கிய முடிவு அது, யாருக்கும் விற்கப்படாது. டெவ் என்று முடியும் பெயர்களைப் பலர் பயன்படுத்திவந்தார்கள். அது கூகுளுக்கு உரிய உண்மையான முடிவு. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 அப்பெயர்களை எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே திறக்கத் தொடங்கியதும் அவர்களின் சோதனைத் தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின.

எச்டிடிபிஎஸ் தேவையா என்றால், லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் வேலை செய்யும்வரை பெரும்பாலும் தேவையில்லை. இருப்பிடம் அறிதல், பின்னணியில் இயங்கும் சர்வீஸ் வொர்க்கர் போன்ற வசதிகளுக்கு உலாவிகள் அப்பெயரைப் பாதுகாப்பானதாகவே ஏற்கின்றன. டெஸ்ட் பெயரில் அவை வேண்டுமென்றால் எம்கேசெர்ட் என்னும் இலவசக் கருவி உங்கள் கணினி மட்டும் நம்பும் சான்றிதழை ஆக்கித் தரும். அது உருவாக்கும் மூலச் சாவிக் கோப்பை எவருக்கும் அனுப்பக் கூடாது. அது கையில் இருப்பவர், உங்கள் உலாவி நம்பும்படி எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் உருவாக்கலாம்.

கைபேசியில் பார்க்க வேண்டியிருந்தால்

உண்மையாகவே கைபேசியில் பக்கத்தைச் சோதிக்கும் நாள் வரும். அதற்காக லிசன் வரியைப் பழையபடி திறந்துவிட வேண்டா. ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில் 8080 என்ற எண்ணுக்கு நேரே லோக்கல்ஹோஸ்ட்:80 என்று எழுதினால், கைபேசியின் குரோமில் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று அடித்ததும் கணினியிலுள்ள பக்கம் வந்துவிடும். வைஃபைக்கு இதில் பங்கே இல்லை. இதை அறிந்த பிறகு நான் வலையமைப்பைத் திறந்ததே இல்லை.

பிஎச்பி தேவைப்படாமல் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களைச் சோதிப்பவர், எக்ஸாம்ப் எதுவுமின்றிப் பைத்தானின் எச்டிடிபி.சர்வர் மாடியூலை ஒரே வரியில் இயக்கலாம். அதுவும் எல்லா முகவரிகளிலும் கேட்பது வழக்கமாதலால் கட்டளையின் கடைசியில் --பைண்ட் 127.0.0.1 என்று சேர்க்கவும்.

லோக்கல் சர்வரில் சரியாகத் தெரிந்த படம், தளத்தை ஏற்றியதும் காணாமல் போகும் சிக்கல் ஒன்று எல்லோருக்கும் வரும். விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்துவதில்லை. லினக்ஸ் சர்வர் வேறுபடுத்தும். ஆகவே எல்லாப் பெயர்களையும் தொடக்கத்திலிருந்தே சிறிய எழுத்தில் வையுங்கள்.

எச்டிடாக்ஸுக்குள் தரவுத்தள நகல், சர்வரின் அமைப்பு விவரங்களைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கம், கடவுச்சொல் எழுதிய குறிப்புக் கோப்பு ஆகியவற்றை வைக்காதீர்கள். திட்டத்தை அப்படியே தளத்துக்கு ஏற்றும் நாளில் அவையும் சேர்ந்தே போகும். உண்மையான மனிதர்களின் பெயரும் எண்ணும் உள்ள தரவைச் சோதனைக்கு எடுக்கவே வேண்டா. கற்பனைப் பெயர்கள் இருபதை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பலகத்தில் இரண்டு ஸ்டாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டு, நெட்ஸ்டாட் பட்டியலை ஒருமுறை திறந்து, 80, 443, 3306 ஆகிய மூன்று எண்களும் அங்கே இல்லை என்பதைப் பார்த்த பிறகு கணினியை மூடவும்.